பிராந்தியக் கொள்கைச் சான்றிதழ் படிப்பு: முடித்துச் சில ஆண்டுகளுக்குப் பிறகு

பிராந்திய சமூக, பொதுக் கொள்கையில் பட்ட மேற்படிப்புச் சான்றிதழ் வாங்கிச் சில ஆண்டுகள் ஆகின்றன. படித்த சூட்டோடு எழுதியிருந்தால் எல்லாப் பாடமும் பிரமாதம் என்றுதான் எழுதியிருப்பேன். எது வேலையில் கைகொடுத்தது, எது நோட்டோடு நின்றது என்பது இப்போதுதான் தெரிகிறது.

புதியவர்களுக்கு ஒரு வார்த்தை. இது முதுகலைப் பட்டத்தின் ஒரு துண்டு மாதிரி. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் 12 முதல் 18 கிரெடிட் (பாடத்தின் அளவைக் கணக்கிடும் அலகு), நான்கைந்து பாடங்கள் இருக்கும். ஆய்வேடு எழுத வேண்டியதில்லை.

எனக்கு அதிகம் உதவியது பிராந்திய எல்லைகள் பற்றிய பாடம். போலந்தின் மசோவியா மாகாணத்தை உதாரணமாக எடுத்தார்கள். தலைநகர் வார்சா அதற்குள் இருப்பதால், நகரத்தின் வளம் மாகாணச் சராசரியைத் தூக்கிவிட்டது. சுற்றியிருந்த பின்தங்கிய பகுதிகளும் காகிதத்தில் வசதியானவை ஆகிவிட்டன. ஐரோப்பிய ஒன்றியத்திலோ, தனிநபர் ஜிடிபி ஒன்றியச் சராசரியில் 75 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் பிராந்தியங்களுக்குத்தான் வளர்ச்சி நிதியில் பெரிய பங்கு. ஒன்றியம் பிராந்தியங்களைக் கணக்கிடப் பயன்படுத்தும் புள்ளியியல் பிரிவுகள் 2018இல் புதிதாக நடைமுறைக்கு வந்தபோது, வார்சா வட்டாரத்தைத் தனியாகப் பிரித்தார்கள். 2021-27 நிதிக்காலத்தில் மீதி மசோவியா பின்தங்கிய பிராந்தியமாகக் கணக்கில் வந்தது. அங்கே வறுமை புதிதாக முளைக்கவில்லை, கணக்குப் போடும் எல்லையை மாற்றினார்கள், அவ்வளவுதான். அன்றிலிருந்து எந்தத் திட்ட அறிக்கையில் சராசரியைப் பார்த்தாலும், யாரோடு யாரைச் சேர்த்துக் கூட்டியிருக்கிறார்கள் என்றுதான் முதலில் தேடுகிறேன். அதற்குத் துணையாகத் தெயில் குறியீடும் கற்றுத்தந்தார்கள். ஏற்றத்தாழ்வில் பிராந்தியங்களுக்கு இடையே எவ்வளவு, ஒவ்வொன்றுக்கும் உள்ளே எவ்வளவு என்று அது பிரித்துக் காட்டும். ஏற்றத்தாழ்வை அளக்க வழக்கமாகப் பயன்படும் ஜினி குறியீடு அவ்வளவு சுத்தமாகப் பிரியாது. எக்செல் போதும், வேறு மென்பொருள் தேவையில்லை.

அடுத்தது கொள்கைக் குறிப்பு எழுதும் பயிற்சி. இரண்டே பக்கம். நான் பின்னணியை விளக்கி எழுதியிருந்த முதல் பத்தி முழுவதையும் ஆசிரியை அடித்துவிட்டு, பரிந்துரையை மேலே கொண்டுவரச் சொன்னார். “முடிவெடுக்கிறவர் லிஃப்டில் போகும்போது படிப்பார்” என்றார். கொஞ்சம் மிகைதான், ஆனாலும் அலுவலகத்தில் இன்றுவரை அந்த அமைப்பில்தான் எழுதுகிறேன்.

மதிப்பீட்டுப் பாடத்தில் மெக்சிகோவின் ப்ரோக்ரெஸா நன்றாக மனதில் நின்றது. 1997இல் தொடங்கிய உதவித்தொகைத் திட்டம் அது. மதிப்பீட்டுக்கு எடுத்த 506 கிராமங்களில் குலுக்கல் முறையில் தேர்ந்த 320க்கு முதலில் கொடுத்து, மீதி 186க்குப் பிறகு கொடுத்தார்கள்; அந்த இடைவெளியை வைத்தே பலனை அளந்தார்கள். எல்லோருக்கும் ஒரே நாளில் தொடங்கப் பணமோ ஆளோ இல்லாத இடங்களில், யாருக்கு முதலில் என்பதைக் குலுக்கலுக்கு விட்டால் நியாயமும் கிடைக்கும், ஒப்பிடவும் வழி கிடைக்கும். இதை எங்கள் அலுவலகத்தில் சொல்லிப் பார்த்தேன். குலுக்கல் என்ற பேச்சை எடுத்ததுமே முகம் சுளித்தார்கள். அந்தச் சங்கடத்தை எப்படிச் சமாளிப்பது என்று எந்தப் பாடத்திலும் இல்லை.

குறைகள் உண்டு. புள்ளியியலை அவசர அவசரமாக ஓட்டினார்கள். ரிக்ரெஷன் (ஒரு காரணி மாறினால் இன்னொன்று எவ்வளவு மாறுகிறது என்று கணக்கிடும் முறை) ஏற்கெனவே தெரியாதவர்கள் திணறினார்கள். வாராவாரம் ஆன்லைனில் கட்டாயமாகக் கருத்துப் பதிவிடுவது வெறும் மதிப்பெண் சடங்கு. கோட்பாட்டுப் பாடத்தில் அமெரிக்க அரசியல் அறிஞர் மைக்கேல் லிப்ஸ்கியைத் தவிர பெரும்பாலானவை மறந்துவிட்டன. கொள்கை என்னவாக முடியும் என்பதைக் கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் ஊழியர்தான் பாதி தீர்மானிக்கிறார் என்று அவர் சொன்னதைத் தினமும் நேரில் பார்க்கிறேன், அதனால் அது மட்டும் மறக்கவில்லை.

வேலை? இந்தச் சான்றிதழை மட்டும் காட்டிப் புது வேலை வாங்குவது கஷ்டம். ஏற்கெனவே உள்ளாட்சியிலோ தொண்டு நிறுவனத்திலோ இருப்பவருக்குத்தான் பொருத்தம், படித்ததை மறுநாளே போட்டுப் பார்க்கலாம். பின்னால் முதுகலைக்குப் போகும் எண்ணம் இருந்தால், இந்தக் கிரெடிட்டுகளை அதில் சேர்ப்பார்களா, எத்தனை ஆண்டுக்குள் சேர வேண்டும் என்பதைச் சேரும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள். என்னோடு படித்த ஒருவருக்குக் கெடு தாண்டிவிட்டதால் இரண்டு பாடத்தைத் திரும்பப் படிக்கச் சொன்னார்கள்.