லூஸ் டிரெஸ் போட்டா வயசான மாதிரி தெரியுமா?

கம்ஃபர்ட்னு சொல்லி விக்கிற லேடீஸ் பிராண்டு டிரெஸ் எல்லாமே சாக்கு மூட்டைக்கு கை வச்சு தச்ச மாதிரி இருக்குன்னு என் தங்கச்சி கிண்டல் பண்ணுவா. ரெண்டு வருஷமா நான் இதத்தான் போட்டுட்டிருக்கேன், அவ சொல்றது பாதி உண்மை.

தப்பு லூஸ்ல இல்லைங்க, தோள்பட்டைல இருக்கு. ஒரு லினன் டாப் வாங்கினேன், பிராண்டு பேரு வேணாம், தோள் தையல் பாதி கைக்கு இறங்கி, நீளம் சரியா இடுப்பு எங்க அகலமோ அங்க வந்து நின்னு, கண்ணாடில பாத்தா யாரோ பெரியம்மா நிக்கிறாங்க! ரிட்டர்ன் பண்ணிட்டு ஒரு சைஸ் கம்மியா எடுத்தேன், அதே டிசைன், ஆனா ஆளே வேற.

ஐலீன் ஃபிஷர்ங்கிற அமெரிக்க லேடீஸ் பிராண்டு மாதிரி 1984ல இருந்து இருக்கிற பிராண்டு எல்லாம் ஜப்பான் உடையான கிமோனோவ பாத்து வேணும்னே நேர் வெட்டா பண்றது, அதுக்கு கீழ ஒல்லி பேன்ட் போட்டா ஸ்டைலா இருக்கும், அதுவும் தொளதொளன்னா முடிஞ்சது கதை.

பேன்ட்ல துணிய பாருங்க. சுத்த காட்டன் ஜெர்சின்னா (டி-ஷர்ட் மாதிரி பின்னல் துணி) சாயங்காலத்துக்குள்ள முட்டி பொம்முனு தொங்கிடும், 5% எலாஸ்டேன், அதாவது இழுபடுற நூல், கலந்திருந்தா திரும்ப பழைய ஷேப்புக்கு வந்துடும். மரக்கூழ்ல பண்ற மோடல் துணி அழகா விழும், ஆனா உரசுற இடத்துல குட்டி குட்டியா உருண்டை வரும், எனக்கு தொடைல வந்துச்சு.

பாக்கெட் மட்டும் எல்லாத்துலயும் சூப்பர், அதுக்கே நாலு ஸ்டார்.