புஷாவின் கதையா, பங்குக் கோயில் ஏடா? போலந்து மூதாதையரைத் தேடும் இரண்டு வழிகள்

என் கணவரின் பாட்டியை நாங்கள் 'புஷா' என்று கூப்பிடுவோம். போலந்தில் பாட்டிக்கு 'பாப்ச்சா' என்றுதான் பெயர். சிகாகோ, டெட்ராய்ட் பக்கம் குடியேறியவர்கள் வீட்டில் அது புஷா ஆகிவிட்டது. 2018-இல், 91 வயதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் என்னிடம் நான்கு விஷயங்கள் சொன்னார். அப்பா வார்சாவிலிருந்து வந்தவர். ஜார் மன்னனின் பட்டாளத்தில் பிடித்துப் போட்டுவிடுவார்கள் என்று பயந்து 1906-இல் ஓடிவந்தவர். குடியேற வருபவர்களைச் சோதிக்கும் நியூயார்க்கின் எல்லிஸ் தீவில் ஒரு அதிகாரி அவருடைய நீளமான குடும்பப் பெயரைப் பாதியாக வெட்டிவிட்டார். அம்மா வேறு ஊர், போலந்தின் தென்கிழக்கில் சானோக் பக்கம். "என் அம்மாவும் பெரியம்மா சித்திகளும் ருசின் ஆட்கள், மாமாக்கள் எல்லோரும் போலந்துக்காரர்கள்."

ருசின் என்றால் கார்பேத்திய மலைப்பக்கத்தில் வாழ்ந்த வேறொரு ஸ்லாவிய இனம். கடைசியாகச் சொன்னதை வீட்டில் யாரும் காதில் வாங்கவில்லை. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் எப்படி இரண்டு இனமாவார்கள்? வயதாகிவிட்டது, குழப்பிக்கொள்கிறார் என்று விட்டுவிட்டார்கள்.

போலந்திலிருந்து அமெரிக்கா வந்த முன்னோரைத் தேடுகிறவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்பதைப் பார்க்கிறேன். வீட்டுக் கதையை வேதமாக எடுத்துக்கொள்பவர்கள் ஒரு பக்கம், ஏட்டில் இல்லாததை நம்பவே மாட்டேன் என்பவர்கள் மறுபக்கம். புஷாவின் நான்கு விஷயங்களையும் ஏடுகளோடு வைத்துப் பார்த்ததில் எனக்கு எது எங்கே கைகொடுத்தது என்று எழுதுகிறேன்.

ஊர்ப் பெயர்

எல்லாம் இதில்தான் தொடங்குகிறது. ஊர் தெரியாவிட்டால் பங்கு, அதாவது அந்த ஊர் எந்தக் கத்தோலிக்கக் கோயிலின் எல்லைக்குள் வருகிறது என்பது, தெரியாது; பங்கு தெரியாவிட்டால் ஏடு கிடையாது. ஆனால் நம் ஆட்கள் கப்பலேறிய காலத்தில் போலந்து என்றொரு நாடே வரைபடத்தில் இல்லை. 1772, 1793, 1795 என மூன்று தடவையாக ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் அதைப் பங்குபோட்டு எடுத்துக்கொண்டன. 1918-இல்தான் நாடு திரும்பக் கிடைத்தது. அதனால் அமெரிக்க அரசுத் தாள்களில் ஒருவர் 'ரஷ்யா', இன்னொருவர் 'ஆஸ்திரியா', மூன்றாமவர் 'ஜெர்மனி'. மூவரும் வீட்டில் பேசியது போலிஷ்.

இங்கே வீட்டுக் கதை தோற்றது. 'வார்சா' என்று புஷாவின் அப்பா சொன்னது வார்சா நகரத்தை அல்ல, வார்சா குபேர்னியாவை, அதாவது ரஷ்ய ஆட்சியின் ஒரு மாகாணத்தை. உண்மையான ஊர் கூத்னோவுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம், நகரத்திலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல். இன்று அந்தப் பகுதி வூட்ஜ் மாகாணத்தில் இருக்கிறது. போலந்து வம்சாவளிச் சங்கம் நடத்தும் 'கெனெடெகா' இணைய அட்டவணையில் பெயர்களை இன்றைய மாகாணவாரியாகத்தான் தேட வேண்டும். நான் வார்சாவையும் அதைச் சுற்றியுள்ள மசோவியாவையும் மாதக்கணக்கில் துழாவிக்கொண்டிருந்தேன்.

ஊரைக் கொடுத்தது சிகாகோவின் ஒரு பங்குக் கோயில் ஏடு. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் பலர் இதைத் தாண்டிக் குதித்து நேராகப் போலந்துக்குப் போய்விடுகிறார்கள். போலந்துக்காரர்கள் அமெரிக்காவில் தங்களுக்கென்று தனிப் பங்குகள் கட்டிக்கொண்டார்கள். சிகாகோவில் புனித ஸ்தனிஸ்லாவ் கோஸ்த்கா பங்கு 1867-இல் தொடங்கியது. அங்கே சாமியாரும் போலந்துக்காரர். கல்யாணத்துக்கு முன் ஓலை, அதாவது திருமண அறிவிப்பு, கோயிலில் வாசிக்க வேண்டும், மாப்பிள்ளை எந்தப் பங்கில் ஞானஸ்நானம் பெற்றவர் என்று கேட்க வேண்டும், எழுத வேண்டும். ஐரிஷ் சாமியார் 'போலந்து' என்று எழுதி முடித்துவிடக்கூடிய இடத்தில், போலந்துச் சாமியார் கிராமத்தின் பெயரைச் சரியான எழுத்துகளோடு எழுதுவார். புஷாவின் பெற்றோருடைய 1914-ஆம் ஆண்டுக் கல்யாணப் பதிவில் இரண்டு கிராமங்களும் இருந்தன, ஒரே வரியில்.

அரசுத் தாள்களில் 1906 செப்டம்பருக்குப் பிந்தைய குடியுரிமை விண்ணப்பங்கள் பயனுள்ளவை. பிறந்த ஊரும் வந்த கப்பலும் அவற்றில் இருக்கும். அதற்கு முந்தையவற்றில் பெரும்பாலும் 'ரஷ்யப் பேரரசருக்கான விசுவாசத்தைத் துறக்கிறேன்' என்பதோடு சரி. மரபணுச் சோதனை செய்தவர்களும் கேட்கிறார்கள்: அது சொந்தக்காரரைக் காட்டும், ஊரைக் காட்டாது.

ஊர்ப் பெயர் கிடைத்தாலும் ஒரு எச்சரிக்கை. 'நோவா வியெஷ்' என்றால் புது ஊர், நம் புதூர்தான். தமிழ்நாட்டில் எத்தனை புதூர் இருக்கிறதோ அப்படித்தான் போலந்தில் நோவா வியெஷும் தொம்ப்ரோவாவும் வோலாவும். மாகாணமும் வட்டமும் பங்கும் சேர்ந்து கிடைக்காமல் எந்த ஏட்டையும் திறக்காதீர்கள். 1880-க்கும் 1902-க்கும் இடையில் வார்சாவில் அச்சான பெரிய புவியியல் அகராதி இணையத்தில் கிடைக்கிறது. எந்தக் கிராமம் எந்தப் பங்கைச் சேர்ந்தது என்பதைப் பெரும்பாலும் அது சொல்லிவிடும்.

வெட்டப்பட்ட பெயர்

இதில் கதைக்கு இடமே இல்லை. எல்லிஸ் தீவு 1892 ஜனவரி 1 அன்று திறந்தது. அங்கே அதிகாரிகள் யாருக்கும் பெயர் எழுதவில்லை. புறப்பட்ட துறைமுகத்தில் கப்பல் கம்பெனி தயாரித்த பட்டியலை வைத்துக்கொண்டு சரிபார்த்தார்கள். எங்கள் ஆளின் முழுப் பெயரும் கப்பல் பட்டியலில் இருக்கிறது, 1914 கல்யாணப் பதிவில் இருக்கிறது, முதல் பிள்ளையின் ஞானஸ்நானத்தில் இருக்கிறது. 1920-களில்தான் அது குட்டையாகிறது. அவரே சுருக்கிக்கொண்டார். ஏன் என்று ஏடு சொல்லாது. பட்டறையில் மேஸ்திரிக்கு வாயில் நுழையவில்லை என்று புஷா வேறொரு நாள் சொன்னார். நான் அதைத்தான் நம்புகிறேன்.

முதல் பெயரும் மாறும். விளாதிஸ்லாவ் அமெரிக்காவில் வால்ட்டர், ஸ்தனிஸ்லாவ் ஸ்டான்லி. வொய்ச்செஹ் லத்தீன் ஏட்டில் அதால்பெர்ட்டுஸ், சிகாகோவில் ஆல்பர்ட் அல்லது ஜார்ஜ். அண்ணன் கொவால்ஸ்கி என்றால் தங்கை கொவால்ஸ்கா. இந்த ஒரு ஒலி மாற்றம் தெரியாமல் அத்தைமார்களைக் கோட்டைவிட்டவர்கள் நிறைய.

போலந்துப் பக்கத்து ஏடுகள்: மூன்று பேரரசு, மூன்று குணம்

ஞானஸ்நானமும் திருமணமும் ஏட்டில் ஏற வேண்டும் என்று 1563-இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து சங்கம் விதித்தது. ஆனால் நீங்கள் கையில் எடுக்கும் ஏடு எப்படி இருக்கும் என்பதை ரோமைவிட ரஷ்ய ஜாரும் ஆஸ்திரியாவின் ஹாப்ஸ்பர்க் மன்னரும்தான் தீர்மானித்தார்கள்.

ரஷ்யப் பகுதி ஏடு ஒரு கதைபோல ஓடும். 1808-இல் வந்த நெப்போலியன் சட்டத்தின் பழக்கம் அது. 'இன்ன கிராமத்தில், இன்ன நாளில், இன்ன வயதுள்ள விவசாயி இன்னார், இரண்டு சாட்சிகளோடு நேரில் வந்து, ஓர் ஆண் குழந்தையைக் காட்டி...' என்று நீளும். 1868 வரை போலிஷ், அதன் பிறகு ரஷ்ய மொழி. பயப்பட வேண்டாம், பல சாமியார்கள் பெயர்களை மட்டும் அடைப்புக்குள் போலிஷிலும் எழுதிவைத்தார்கள். தேதி இரண்டு இருக்கும். ரஷ்யாவின் பழைய நாட்காட்டிக்கும் புதியதற்கும் 19-ஆம் நூற்றாண்டில் 12 நாள் வித்தியாசம். எங்கள் வீட்டில் வால்ட்டர் தாத்தாவின் (புஷாவின் அப்பா விளாதிஸ்லாவ்தான்) பிறந்தநாள் மே 3-ஆ, 15-ஆ என்று ஒரு தலைமுறையே சண்டை போட்டிருக்கிறது. ஏட்டில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

சானோக் இருக்கும் ஆஸ்திரியப் பகுதியான கலீசியாவில் 1784-க்குப் பிறகு கட்டம் போட்ட லத்தீன் ஏடு. தேதி, வீட்டு எண், பெயர், சமயம், முறையான பிறப்பா இல்லையா, பெற்றோர், ஞானப்பெற்றோர். ஊர் வாரியாகத் தனிப் புத்தகம். என் பார்வையில் மூன்றிலும் எளிதானது இதுதான். வீட்டு எண் ஒன்றைப் பிடித்தால் அந்த வீட்டில் பிறந்தவர், செத்தவர், மருமகளாக வந்தவர் எல்லோரும் வரிசையாகக் கிடைப்பார்கள். பிரஷ்யப் பகுதியில் 1874 அக்டோபர் முதல் அரசுப் பதிவு அலுவலகமும் ஜெர்மனில் எழுதியது. போஸ்னான் வட்டாரத்தின் 19-ஆம் நூற்றாண்டுத் திருமணங்களுக்கு 'போஸ்னான் ப்ராஜெக்ட்' என்ற இலவச அட்டவணை இருக்கிறது. எங்கள் தேடல் அந்தப் பக்கம் போகவில்லை.

ஏடு தவறாது என்று நினைத்து நான் பட்டது ஒன்று உண்டு. கெனெடெகாவில் அதே பெற்றோருக்கு 1882-இல் பிறந்த விளாதிஸ்லாவ் ஒருவன் கிடைத்தான். பெயர் சரி, ஊர் சரி, மூன்று வயதுதான் வித்தியாசம். அந்தக் காலத்தில் வயதை யார் கணக்குப் பார்த்தார்கள் என்று அவனையே வால்ட்டர் தாத்தா என்று எழுதிவிட்டேன். இறப்பு ஏட்டைத் திருப்பிப் பார்த்தபோதுதான் அந்தக் குழந்தை 1883-இல் இறந்திருந்தது தெரிந்தது. எங்கள் ஆள் 1885-இல் பிறந்து, செத்த அண்ணனின் பெயரைச் சுமந்தவர். இறந்த பிள்ளையின் பெயரை அடுத்த பிள்ளைக்கு வைப்பது அங்கே சாதாரணம். ஞானஸ்நான ஏட்டை மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடாதீர்கள்.

ஏட்டிலும் மனிதர் வாய்ச்சொல்தான் எழுத்தாகியிருக்கிறது என்பதையும் அன்றுதான் உணர்ந்தேன். இறப்பைச் சொல்ல வருபவர் பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரர். செத்தவரின் தாயின் பெயர் அவருக்கு எப்படித் தெரியும்? வயதை 40, 50, 60 என்று முழுசாக்கிச் சொல்லிவிட்டுப் போவார்.

மாமா போலந்து, சித்தி ருசின்

இப்போது அந்த நான்காவது விஷயம். சானோக் அருகே அந்தக் கிராமத்தின் ரோமன் கத்தோலிக்க ஏட்டில் புஷாவின் மூன்று மாமாக்களும் கிடைத்தார்கள். அம்மா இல்லை. அவருடைய அக்கா தங்கைகளும் இல்லை. வீட்டு எண் அதே எண், ஆனால் பெண் பிள்ளை ஒன்றுகூட இல்லை. ஏட்டை மட்டும் நம்புகிறவராக இருந்திருந்தால் 'பதிவு தொலைந்துவிட்டது' என்று முடித்திருப்பேன்.

புஷா சொன்னதை ஒலிப்பதிவில் மறுபடி கேட்டேன். அப்புறம்தான் அதே ஊரின் கிரேக்கக் கத்தோலிக்கக் கோயில் ஏட்டைத் திறந்தேன். போப்பை ஏற்றுக்கொண்டு, கிழக்கத்திய வழிபாட்டு முறையைப் பின்பற்றும் திருச்சபை அது. நான்கு பெண்களும் அங்கே இருந்தார்கள். கலீசியாவில் கலப்புத் திருமணத்தில் ஆண் பிள்ளைகளுக்குத் தகப்பன் முறைப்படியும் பெண் பிள்ளைகளுக்குத் தாய் முறைப்படியும் ஞானஸ்நானம் கொடுப்பது வழக்கம். 1863-இல் இரு திருச்சபைகளும் செய்துகொண்ட உடன்பாடு அதை உறுதி செய்தது. புஷாவுடைய அம்மாவின் தகப்பன் போலந்துக்காரர், ரோமன் கத்தோலிக்கர். தாய் ருசின், கிரேக்கக் கத்தோலிக்கர். வீட்டில் யாரும் நம்பாத அந்த வாக்கியம் எழுத்துக்கு எழுத்து உண்மை. அதை நாங்கள் கண்டுபிடித்தபோது புஷா உயிரோடு இல்லை.

எந்த ஏட்டைத் திறக்க வேண்டும் என்பதை ஏடு சொல்லவில்லை. அதைக் கதைதான் சொன்னது.

பட்டாளத்துக்குப் பயந்து ஓடிவந்த கதை? 1906-இல் அவருக்கு 21 வயது, ரஷ்யா ஆள் எடுக்கும் வயது. ஜப்பானோடு போர் முடிந்து ஓர் ஆண்டுதான் ஆகியிருந்தது. பொருந்துகிறது. ஆனால் எந்தப் பங்கு ஏட்டிலும் 'இவன் பயந்து போனான்' என்று இருக்காது. எங்கள் குடும்ப மரத்தில் அதைப் புஷா சொன்னது என்று அவர் பெயரோடு எழுதி வைத்திருக்கிறேன்.

எதை முதலில்?

ஒரு வார இறுதிதான் கையில் இருக்கிறது என்றால், வீட்டில் மூத்தவரிடம் போய் உட்காருங்கள். ஏடுகள் பெரும்பாலும் இரண்டு பிரதி: ஒன்று பங்கில், மற்றொன்று அரசிடம். 1944-இல் வார்சாவின் ஆவணக் காப்பகங்கள் எரிக்கப்பட்டபோதுகூடப் பல ஊர்களின் ஏடுகள் பங்கில் பிழைத்தன. பாட்டிக்கு இரண்டாம் பிரதி கிடையாது. 'எந்த ஊர்?' என்று மட்டும் கேட்காதீர்கள். உங்களுக்கு ஞானத்தாய் யார், கல்யாணத்தில் சாட்சி யார், யார் வீட்டில் வந்து தங்கினார்கள், ஈஸ்டருக்கு எந்தக் கோயிலுக்குப் போவீர்கள் என்று கேளுங்கள். இந்தப் பெயர்கள்தான் பிறகு ஏட்டில் வந்து உங்களைத் தட்டும்.

அடுத்து அமெரிக்கப் பங்கு ஏடு. அதற்குப் பிறகுதான் போலந்து. அங்கேயும் இணையத்தில் இருக்கும் அரசுப் பிரதியோடு நிற்காமல், முடிந்தால் பங்கில் உள்ள மூலத்தைப் பார்க்க எழுதிக் கேளுங்கள். 1908 முதல் திருமணம் நடந்த பங்கு, ஞானஸ்நானம் பெற்ற பங்குக்குத் தகவல் அனுப்ப வேண்டும் என்பது திருச்சபை விதி. அதனால் கூத்னோ பக்கத்து ஏட்டின் ஓரத்தில் சிகாகோ கல்யாணம் குறிக்கப்பட்டிருக்க வாய்ப்பு உண்டு. நூறு ஆண்டு ஆகாத பிறப்புகளும் எண்பது ஆண்டு ஆகாத திருமணங்கள், இறப்புகளும் பதிவு அலுவலகத்தில் மூடியே இருக்கும். நேரடி வாரிசு என்று காட்டினால் நகல் கேட்கலாம்.

எங்களுக்கு இன்னும் ஒருவர் பாக்கி. புஷாவின் கடைசிச் சித்தி அமெரிக்கா வரவில்லை. அவருடைய கிராமத்து கிரேக்கக் கத்தோலிக்கப் பங்கு 1947-க்கு மேல் இல்லை. அந்த வசந்தத்தில் போலந்து அரசு 'விஸ்துவா' என்ற பெயரில் ராணுவத்தை வைத்து, தென்கிழக்குப் பகுதியின் ருசின், உக்ரைனிய மக்கள் சுமார் 1,40,000 பேரை நாட்டின் வடக்குக்கும் மேற்குக்கும் பெயர்த்து அனுப்பியது. கதையும் ஏடும் அங்கேயே நிற்கின்றன. ஆனால் ஐம்பதுகளில் சித்தியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது என்று புஷா சொன்னது பதிவில் இருக்கிறது, அதில் புது முகவரி இருந்தது என்றும். என் மாமியார் புஷாவின் வீட்டை விற்கவில்லை. அடுத்த மாதம் நானும் அவரும் மாடி அறையின் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறக்கப்போகிறோம்.