மின்னஞ்சலா, இணையவாசலா? ஆய்வுச்சுருக்கம் அனுப்பும் இரண்டு வழிகள்

நாகர்கோவிலில் ஒரு கல்லூரியின் தமிழ்த்துறையில் பணியாற்றுகிறேன். கருத்தரங்கக் காலம் வந்துவிட்டால் என் ஆய்வு மாணவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "ஐயா, ஆய்வுச்சுருக்கத்தை எப்படி அனுப்ப வேண்டும்?" என்பதுதான். கட்டுரையின் சாரத்தைச் சில வரிகளில் சொல்வதே ஆய்வுச்சுருக்கம். அறிவிப்புகள் இரண்டு வகையாக வருகின்றன. ஒன்று, மின்னஞ்சல் முகவரியைத் தந்து "பாமினி எழுத்துரு, அளவு 12, வரி இடைவெளி 1.5" என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வது. (பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்த பழைய எழுத்துரு.) மற்றது, கருத்தரங்கக் கட்டுரைகளை வாங்கும் ஈஸிசேர் போன்ற இணையவாசலில் கணக்குத் தொடங்கச் சொல்லி, தலைப்புக்கு ஒரு கட்டம், சுருக்கத்துக்கு ஒரு கட்டம், திறவுச்சொற்களுக்கு ஒரு கட்டம் என்று நிரப்ப வைப்பது. இரண்டிலும் அடிபட்டவன் என்ற முறையில் என் வாக்கு இணையவாசலுக்கே.

மின்னஞ்சலில் சௌகரியம் உண்டு. சாய்வெழுத்தும் அடிக்கோடும் வைத்த இடத்தில் நிற்கும். நாள் தவறினால் ஒருங்கிணைப்பாளரை அழைத்து, "நாளைக் காலையில் அனுப்பட்டுமா ஐயா?" என்று கேட்கலாம்; பெரும்பாலும் சம்மதிப்பார். ஆனால் அனுப்பியது போய்ச் சேர்ந்ததா, திறந்ததா, படிக்க முடிந்ததா என்பதை அவர் சொன்னால்தான் உண்டு.

என் மாணவி ஒருவர் தோவாளை வட்டாரக் கோயில் கொடை விழாக்களில் பாடப்படும் வில்லுப்பாட்டைப் பற்றி ஒரு சுருக்கம் எழுதினார். வடசேரியில் ஒரு டி.டி.பி. கடையில் பாமினியில் அடித்து வேர்டு கோப்பாக அனுப்பினோம். பதிலே இல்லை. கருத்தரங்கன்று கையில் கிடைத்த சுருக்கத் தொகுப்பில் அவருடைய பக்கம் முழுவதும் ஆங்கில எழுத்துகள். மெய்யெழுத்து வர வேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளி. பாமினியில் புள்ளி உட்கார்ந்திருப்பது அரைப்புள்ளி விசையில்தான். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் இப்படித்தான் தெரியும். பி.டி.எஃப். ஆக்கி அனுப்பியிருந்தால் எழுத்துருவும் கூடவே போயிருக்கும், பார்வைக்குத் தப்பித்திருக்கும். ஆனால் அதிலிருந்து வரிகளை நகலெடுத்துத் தொகுப்பில் ஒட்டினால் மறுபடியும் அரைப்புள்ளிதான். எல்லாக் கணினிக்கும் பொதுவான ஒருங்குறியை, அதாவது யூனிகோடை, தரமாகத் தமிழக அரசு அறிவித்தது 2010இல். இன்னும் பாமினி கேட்பவர்களிடம் நான் சண்டை போடுவதில்லை. ஒருங்குறியில் எழுதி வைத்துக்கொண்டு, கடைசியில் எழுத்துரு மாற்றியில் போட்டு ஒரு பாமினிப் படியும் எடுத்துக்கொள்கிறேன்.

இணையவாசலில் இந்தக் கூத்து நடக்க வழியில்லை. பாமினியில் அடித்ததை ஒட்டினால் கட்டத்திலேயே அலங்கோலம் தெரிந்துவிடும். திறவுச்சொல் குறைந்தால் உள்ளே விடாது. சமர்ப்பித்தவுடன் ஓர் எண்ணோடு மின்னஞ்சல் வரும். பிறகு கேட்பதற்கு அந்த எண் போதும். முகத்தில் அடித்தாற்போல் "ஏற்கவில்லை" என்று சொல்லும் இயந்திரம், மௌனமாக இருக்கும் மனிதரைவிட மேல்.

குறை இல்லாமல் இல்லை. கட்டம் வெறும் எழுத்தை மட்டுமே வாங்கும், சாய்வெழுத்து உதிர்ந்துபோகும். சுருக்கத்தில் பாட்டு வரியை மேற்கோள் காட்ட நினைப்பவர்களுக்கு இது எரிச்சல். காட்டாமல் இருப்பதே நல்லது என்பேன்.

பெரிய வம்பு, அளவு. 250 சொற்கள் என்றால் தமிழுக்கு லாபம். உருபும் விகுதியும் ஒட்டி நிற்பதால் ஆங்கிலத்தில் நான்கு சொல் பிடிப்பது நமக்கு ஒன்றில் முடியும். (ஆய்வுச் சுருக்கத்தை ஆய்வுச்சுருக்கம் என்று சேர்த்தெழுதி ஒரு சொல்லை மிச்சம் பிடிக்கும் சாமர்த்தியசாலிகளும் உண்டு.) சில வாசல்கள் சொல்லை விட்டுவிட்டுக் குறியீட்டை (கேரக்டர்) எண்ணும். அங்கே நமக்கு நஷ்டம். வில்லுப்பாட்டு என்பதில் நம் கணக்குப்படி ஏழு எழுத்து: வி, ல், லு, ப், பா, ட், டு. ஒருங்குறியில் உயிர்மெய்க் குறியும் புள்ளியும் தனித்தனி என்பதால் அது பதினான்கு. 1,500 குறியீடு என்று போட்டிருந்தால் பாதிதான் நமக்கு என்று நினைத்துக்கொண்டு உட்கார வேண்டும்.

மறு ஆண்டு அதே மாணவி வேறொரு சுருக்கத்தை இணையவாசலில் அனுப்பினார். முதல் வரி இப்படி இருந்தது: "இவ்வாய்வுக் கட்டுரையின் நோக்கம் யாதெனில், வில்லுப்பாட்டில் குடம் அடிப்பவரின் பங்கினை ஆராய்வதாகும்." சுருக்கம் அளவை மீறியதால் கட்டம் சிவந்தது. அந்த வரியை மாற்றினோம்: "வில்லுப்பாட்டில் கதையின் வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் குடம் அடிப்பவரே என்று இக்கட்டுரை வாதிடுகிறது." இந்த வரியில் ஒரு சொல் கூடத்தான் செய்தது, ஆனால் அதன் பிறகு வந்த இரண்டு விளக்க வரிகள் வேண்டாதவை ஆகிவிட்டன. நோக்கம், முறை, முடிவு என்று தலைப்பிட்டுப் பிரிப்பது அறிவியல் துறைகளுக்குப் பொருந்தும். எங்களுக்கு ஒரே பத்தி போதும்.

கடைசி நாளிலும் வேறுபாடு உண்டு. மின்னஞ்சல்காரர்கள் "மாலை 5 மணிக்குள்" என்றால் இந்திய நேரம். வெளிநாட்டுக் கருத்தரங்குகள் சில, உலகில் எங்காவது ஓரிடத்தில் அந்த நாள் மிச்சமிருக்கும்வரை வாங்கிக்கொள்ளும். அங்கே இரவு 11.59 என்றால் நமக்கு மறுநாள் மாலை 5.29. இதை நம்பி மாணவி மறுநாள் பிற்பகல்வரை திருத்திக்கொண்டிருந்தார். மூன்று மணிக்கு ஐப்பசி மழை பிடித்து மின்சாரம் போனது. என் கைப்பேசி இணைப்பில் மடிக்கணினியை ஓட்டி, 4.50க்குச் சமர்ப்பித்தோம். 4.51க்கு எண் வந்துவிட்டது.