"டிஸ்பிளே வருகிறது" என்ற சொல்லை நம்பி ஸ்லாட் 1 போர்டு வாங்குவோர் கவனத்திற்கு

நான்கு மாதங்களுக்கு முன் 9,500 ரூபாய் கொடுத்து நான் வாங்கிய ஸ்லாட் 1 மதர்போர்டு (பிராசஸரை அட்டைபோல நிறுத்திச் செருகும் பழைய வகை), பழுது தெரிந்தே மறைக்கப்பட்டு எனக்கு விற்கப்பட்டது என்பதை, மின் அலையை வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்பில் பார்த்தும் ஈயத்தை உருக்கிப் பிரித்தும் உறுதி செய்துகொண்ட பிறகே இதை எழுதுகிறேன். பணம் போனதைக் காட்டிலும் பெரிய இழப்பு ஒன்று அதனால் எனக்கு நேர்ந்தது. அதை எனக்கு விற்ற நபர் இன்னும் விற்றுக்கொண்டிருக்கிறார் என்பதால் விவரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் அண்ணன் 2000 முதல் 2005 வரை கரூரில் ஒரு பிரவுசிங் சென்டர் நடத்தினார். மாலையில் பள்ளி விட்டதும் பையன்கள் வந்து குவிவார்கள். மணிக்கு இவ்வளவு என்று கொடுத்துக் கார்ப் பந்தயமும் சண்டை விளையாட்டும் ஆடுவார்கள். அண்ணன் இப்போது இல்லை. கடையை மூடியபோது அவர் கழற்றி எடுத்துவைத்த 4.3 ஜிபி ஹார்டு டிஸ்க் ஒன்று மட்டும் என்னிடம் இருந்தது. அந்த டிஸ்க் மறுபடியும் விண்டோஸ் 98-இல் திறக்க வேண்டும், அதே விளையாட்டு அதே ஓசையோடு ஓட வேண்டும் என்பதற்காகவே இந்தக் கணினியைப் பூட்டத் தொடங்கினேன்.

இதற்கு இன்டெல் 440பிஎக்ஸ் சிப்செட் (போர்டின் பாகங்களை இணைத்து நடத்தும் சிப்கள்) உள்ள போர்டைத்தான் எல்லோரும் தேடுகிறார்கள், அதற்கு நியாயமான காரணமும் உண்டு. 1998-இல் வந்த அந்த சிப்செட்டில் 100 மெகாஹெர்ட்ஸ் பஸ் (பிராசஸர் தகவல் கடத்தும் பாதை), கிராஃபிக்ஸ் கார்டுக்கான ஏஜிபி ஸ்லாட், மற்ற கார்டுகளுக்கான பிசிஐ ஸ்லாட்டுகள் ஆகியவற்றோடு இவற்றுக்கும் முந்தைய ஐஎஸ்ஏ ஸ்லாட்டும் ஒரே போர்டில் கிடைக்கும். அடுத்து வந்த 810, 820 ஆகிய சிப்செட்டுகளில் ஐஎஸ்ஏ நேரடியாக இல்லை. விண்டோஸுக்கு முந்தைய டாஸில் ஓடும் விளையாட்டுகள், சவுண்ட் பிளாஸ்டர் என்ற ஒலிக் கார்டை 220 என்ற முகவரியிலும் ஐஆர்க்யூ 5 என்ற குறுக்கீட்டு எண்ணிலும் தேடுகிற காலத்தவை. அவற்றுக்கு ஐஎஸ்ஏ கார்டைப் போலத் தொல்லையில்லாமல் ஒத்துழைக்கும் கார்டு வேறில்லை. முப்பரிமாண விளையாட்டுக்கு 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ3 3000 கார்டை ஒன்றரை வருடம் தேடி முன்பே வாங்கி வைத்திருந்தேன். அந்த நிறுவனம் 2000 டிசம்பரில் தன் சொத்துகளை என்விடியாவிடம் விற்க முடிவெடுத்த பிறகு 3டிஎஃப்எக்ஸின் சொந்த மென்பொருளான கிளைடு வழியாக ஓடும் விளையாட்டுகளுக்கு இந்தப் பழைய கார்டுகளை விட்டால் வேறு அசல் கார்டு கிடையாது.

போர்டுதான் அகப்படவில்லை. சென்னை ரிச்சி தெருவில் இரண்டு நாள் அலைந்தேன். பழைய போர்டுகள் எல்லாம் தங்கம் பிரிப்பதற்காக மூட்டை மூட்டையாக எடைக்குப் போய்விட்டன என்றுதான் கடைக்காரர்கள் சொன்னார்கள். அதன்பின் இணைய விளம்பரம் ஒன்றில், 450 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் III-உடன் சேர்த்து, "டெஸ்டெட், டிஸ்பிளே வருது, மூன்று நாள் டெஸ்டிங் வாரண்டி" என்ற குறிப்போடு ஒரு போர்டைக் கண்டேன். கணினி ஆன் ஆனதும் முதலில் வரும் பயாஸ் திரையில் மெமரி எண்ணி முடித்த படம் ஒன்றும் இருந்தது. முழுப் பணத்தையும் யுபிஐ மூலம் அனுப்பிவிட்டேன்.

பார்சலில் வந்த போர்டு இருபது வருடம் தாண்டிய பொருளுக்குப் பொருந்தாத அளவுக்குச் சுத்தமாக இருந்தது. ஸ்லாட்டைச் சுற்றி நின்ற கெப்பாசிட்டர்கள் (மின்னழுத்தத்தைச் சமன் செய்யும் சிறு உருளைகள்) எல்லாம் பளபளவென்று இருந்தன. உப்பிப்போன தலையோ பழுப்புக் கசிவோ எதிலும் இல்லை. 1999-ஐ ஒட்டித் தொடங்கிச் சில ஆண்டுகள் வந்த போர்டுகளில், தரமற்ற எலக்ட்ரோலைட் காரணமாகக் கெப்பாசிட்டர்கள் உப்பி வெடித்தது உலகம் முழுக்க நடந்த ஒன்று என்பதால், முதலில் அதைத்தான் பார்த்தேன். பார்த்து நிம்மதியும் அடைந்தேன். கேபினட்டும் மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸும் வந்து சேர்ந்து நான் பூட்டி முடிப்பதற்குள் அந்த மூன்று நாள் வாரண்டி கழிந்துவிட்டது.

ஆன் செய்தவுடன் டிஸ்பிளே வந்தது. விண்டோஸும் ஏறியது. நீட் ஃபார் ஸ்பீட் 3-ஐத் திறந்து கால் மணி நேரம் ஓட்டியதும் திரை அப்படியே உறைந்தது. மறுபடி ஆன் செய்தால் நீலத்திரை. சிறிது நேரம் அணைத்து ஆறவிட்டால் மீண்டும் நன்றாக ஓடும். டிரைவர் கோளாறு என்று எண்ணி மூன்று டிரைவர்களை மாற்றினேன், பிறகு மெமரி என்று எண்ணி நான்கு மாட்யூல்களை மாற்றினேன். எந்த மாட்யூலைப் போட்டாலும், அரை மணி நேரம் சூடேறிய பிறகு மெமரியைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் வெவ்வேறு முகவரிகளில் பிழை காட்டியது. அப்போதே போர்டின் மேல் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

இப்படி மாற்றி மாற்றிப் பார்த்த மூன்று வாரத்துக்குள்தான் பெரிய இழப்பு நடந்தது. ஒருமுறை உறைந்துபோய் ரீசெட் செய்தபோது, வழக்கம்போல டிஸ்கில் பிழை தேடும் ஸ்கேன்டிஸ்க் தானாக ஓடியது. அது ஓடியதும் அதே நிலையற்ற போர்டின் மேல்தான். கோப்புகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன, சரிசெய்யட்டுமா என்று கேட்டது. சரி என்று கொடுத்தேன். முடிந்தபின் அண்ணனின் டிஸ்கில் இருந்த விளையாட்டு ஃபோல்டர்கள் பாதி காணாமல் போய், அவற்றுக்குப் பதிலாக ஃபைல்0000 தொடங்கி நூற்றுக்கும் மேற்பட்ட சிஎச்கே கோப்புகள் (ஸ்கேன்டிஸ்க் மீட்டெடுத்த பெயரற்ற துண்டுகள்) கிடந்தன. கடைக்கு வந்த பையன்கள் தங்கள் பெயரில் சேமித்து வைத்த ஆட்டங்கள் காணாமல் போன அந்த ஃபோல்டர்களில்தான் இருந்தன. அண்ணன் தன் பெயரில் வைத்திருந்ததும் இருந்தது. பழைய டிஸ்க் எதையும் புதிதாகப் பூட்டிய கணினியில் நேரடியாக மாட்டாதீர்கள். யுஎஸ்பி அடாப்டரில் போட்டு, நிலையாக ஓடும் வேறொரு கணினியில் முழு நகல் எடுத்துவிட்டு, அந்த நகலைக் கொண்டே வேலை செய்யுங்கள். நான் எடுக்கவில்லை.

பிறகு போர்டைச் சிங்காநல்லூரில் எனக்குத் தெரிந்த டி.வி. மெக்கானிக் அண்ணன் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து, பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்து, ஒவ்வொன்றாகக் காட்டினார். கெப்பாசிட்டர் நிற்க வேண்டிய இடத்தில் போர்டின் மேல் வெள்ளை வட்டம் அச்சிட்டிருக்கும். அந்த வட்டம் 10 மில்லிமீட்டர், அதில் நின்ற கெப்பாசிட்டரோ 8 மில்லிமீட்டர். அதனால் ஒவ்வொன்றின் காலடியிலும் வட்டத்தின் விளிம்பு நிலாவைச் சுற்றிய கோட்டை போல வெளியே தெரிந்தது. இரண்டு கெப்பாசிட்டர்கள் போர்டில் படியாமல் சற்றே தூக்கி நின்றன, அவற்றின் அடியில் ஈயம் பிடிக்கத் தடவும் ஃபிளக்ஸ் காய்ந்து தேன் நிறத்தில் உறைந்திருந்தது. உறையில் 1000 மைக்ரோஃபாரட், 85 டிகிரி என்று இருந்தது. அதே போர்டின் கையேட்டுப் படத்திலோ 1500 மைக்ரோஃபாரட் தெளிவாகத் தெரிகிறது. பின்பக்கம் திருப்பியபோது ஒரு காலின் செம்பு வளையமே பிய்ந்துபோயிருந்தது. அங்கே முடி போன்ற கம்பி ஒன்றை இழுத்து ஈயம் வைத்து, மேலே பச்சைப் பூச்சுத் தடவியிருந்தார்கள். "தம்பி, இதைச் செஞ்சவனுக்கு வேலை தெரியாம இல்ல. அந்தப் பச்சையைத் தடவ நேரம் எடுத்திருக்கான் பாருங்க" என்றார் அவர்.

இதில் என்ன தவறு என்பதைப் புரிந்துகொள்ள அந்தக் கெப்பாசிட்டர்களின் வேலையைச் சொல்ல வேண்டும். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் 5 வோல்ட்டை, பிராசஸருக்கு வேண்டிய 2.0 வோல்ட்டாகப் போர்டே மாற்றிக்கொள்கிறது. நொடிக்கு லட்சக்கணக்கான முறை மின்சாரத்தை வெட்டி வெட்டி விட்டு, சுருளாலும் கெப்பாசிட்டர்களாலும் அதைச் சமன் செய்வதே முறை. இந்த வேகத்தில் கெப்பாசிட்டரின் கொள்ளளவைவிட அதன் உள்தடை முக்கியம். அதற்கென்றே உள்தடை மிகக் குறைவான, 105 டிகிரி தாங்கும் வகைகள் தனியாக விற்கின்றன. சாதாரண வகையைப் போட்டால் சமன் செய்யும் வேலை அரைகுறையாக நடப்பதோடு, அது தானே சூடேறி இன்னும் மோசமாகும். மெக்கானிக் அண்ணனின் மீட்டரில் இவை 0.2 ஓமுக்கு மேல் காட்டின. இந்த இடத்துக்கு வாங்கிய புதியவற்றில் 0.03-ஐ ஒட்டியே வந்தது. ஆசிலோஸ்கோப்பில் 2.0 வோல்ட்டின் மேல் 200 மில்லிவோல்ட்டுக்கும் அதிகமான அலை ஆடியது. மல்டிமீட்டர் சராசரியைத்தான் காட்டும் என்பதால், அதில் அதே இடம் 2.01 என்று ஒரு குறையும் இல்லாமல் தெரிந்தது.

கெப்பாசிட்டரை மாற்றுவதே மோசடி என்று யாரும் எண்ண வேண்டாம். சரியான வகையைப் போட்டு, மாற்றியிருக்கிறேன் என்று சொல்லி விற்றால் அதற்கு நான் கூடுதல் விலையும் தருவேன். இங்கே உப்பிய கெப்பாசிட்டரைப் பார்த்து யாரும் ஒதுங்கிவிடக் கூடாது என்பதற்காக மலிவானதை நட்டு, பயாஸ் திரை வரும் வரை மட்டும் ஓட்டிப் படமெடுத்திருக்கிறார்கள்.

விற்பனையாளரிடம் படங்களோடு கேட்டேன். முதலில், "உங்க எஸ்எம்பிஎஸ்தான் சார் கோளாறு" என்றார். இது அறியாதவர்களை எளிதில் அடக்கிவிடும் பதில், ஏனென்றால் அதில் பாதி உண்மை இருக்கிறது. இன்றைய எஸ்எம்பிஎஸ்கள் பெரும்பாலும் 12 வோல்ட்டில்தான் சக்தியைத் தருகின்றன, பழைய போர்டுகளோ 5 வோல்ட்டைத்தான் அதிகம் இழுக்கும். ஆனால் நான் வாங்கியிருந்தது 5 வோல்ட்டில் 30 ஆம்பியர் தரக்கூடியது. விளையாட்டு ஓடும்போதும் 5.02 வோல்ட் நின்றதை வீடியோ எடுத்து அனுப்பினேன். அதன்பின் "பழைய பொருள்தானே, வாரண்டி முடிஞ்சுது" என்றார். கடைசியாக, மாற்றாக இன்டெல் 845 போர்டு ஒன்று தருவதாகவும், "அதுலயும் ஏஜிபி இருக்கு, உங்க வூடூ கார்டு போட்டுக்கலாம்" என்றும் சொன்னார். இதைத்தான் நான் மன்னிக்க மாட்டேன். 845-இன் ஏஜிபி 1.5 வோல்ட்டுக்கானது, வூடூ3-க்கு வேண்டியது 3.3 வோல்ட். பொதுவாக அந்த ஸ்லாட்டில் இந்தக் கார்டு நுழையவே நுழையாது. நம்பி வலிந்து மாட்டியிருந்தால் கார்டும் போர்டும் சேர்ந்தே போயிருக்கக்கூடும்.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். பில் இல்லை, யுபிஐ ரசீதும் விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டும் மட்டுமே இருக்கின்றன. புகார் நிலுவையில் இருப்பதால் பெயரை இங்கே எழுதவில்லை.

இனி வாங்குபவர்கள் "டெஸ்டெட்" என்று யாராவது சொன்னால், எதை ஓட்டி, எவ்வளவு நேரம் பார்த்தீர்கள் என்று கேளுங்கள். பிராசஸர் ஸ்லாட்டைச் சுற்றியுள்ள பகுதியை மேலிருந்தும் பின்பக்கத்திலிருந்தும் அருகில் எடுத்த படம் கேளுங்கள். பின்பக்க ஈயப் புள்ளிகளில் சில மட்டும் வேறு நிறத்தில் மின்னினால் அங்கே கை பட்டிருக்கிறது. இன்றைய தேதியை எழுதிய காகிதம் போர்டின் மேல் இருக்க, ஒரு முப்பரிமாண விளையாட்டு அரை மணி நேரம் வெட்டில்லாமல் ஓடும் வீடியோ கேளுங்கள். இது அதிகப்படியான கோரிக்கை இல்லை. இந்த அனுபவத்துக்குப் பிறகு மதுரையில் ஒருவரிடம் சவுண்ட் கார்டு வாங்கினேன். கேட்காமலேயே நாற்பது நிமிட வீடியோ அனுப்பி, ஒரு ஜாக் சற்று தளர்ந்திருப்பதையும் அவரே சொன்னார்.

என் போர்டில் சரியான கெப்பாசிட்டர்கள் ஏறிவிட்டன, அலை 50 மில்லிவோல்ட்டுக்குள் அடங்கிவிட்டது. அண்ணனின் டிஸ்கிலிருந்து எடுத்த சிஎச்கே கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன், இதுவரை பதினொரு பெயர்கள் கிடைத்திருக்கின்றன.

சென்ற வாரம் அதே பயாஸ் திரைப் படத்தை வேறொரு ஸ்லாட் 1 போர்டுக்கான விளம்பரத்தில் பார்த்தேன், விலை 11,000 ரூபாய். திரையின் வலது மேல் மூலையில் ஒரு டியூப்லைட்டின் பிரதிபலிப்பு சாய்வாக விழுந்திருக்கும். மெமரி அளவு 131072 என்று எண்ணி நிற்கும். அந்தப் படம் என் போர்டினுடையது.