பில்லின் அடியில் வரும் அந்த நாலு ரூபாய்: ஆறு வருஷ அனுபவம்

எங்கள் ஊர் கூட்டுறவு ஸ்டோரில் சாமான் வாங்கினால், பில்லில் மொத்தத் தொகைக்கும் 'நன்றி, மீண்டும் வருக'வுக்கும் நடுவில் ஒரு வரி அச்சாகி வரும். 'உங்கள் குழுவுக்கு: ரூ. 4.35'. போன சனிக்கிழமை 840 ரூபாய் பில்லுக்கு எனக்கு வந்தது அந்தத் தொகைதான். 2019-இல் இருந்து இந்த வரியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். புதிதாக உறுப்பினராகச் சேர்ந்த பக்கத்து வீட்டுப் பெண் அன்றைக்குக் கேட்டாள்: "இது என்ன டீச்சர், நம்ம கிட்ட பிடிக்கிற பைசாவா, அவங்க குடுக்கிறதா?" கேட்டில் நின்றுகொண்டு சொல்லி முடிக்கிற விஷயமாக அது இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

கன்னியாகுமரி மாவட்டத்துக் கல்குளம் தாலுகாவில் கொஞ்சம் உள்ளடங்கிய ஊர் எங்களுடையது. கடைக்குப் பெரிய போர்டு இருந்தாலும் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை, 'ஸ்டோர்' என்றால் அதுதான். ஒரு பக்கம் மளிகை, ஒரு பக்கம் சோப்பு சீப்பு, ஜூன் மாதம் பள்ளி நோட்டு, ஓணத்துக்குப் பாயசத்து அடையும் பப்படமும், டிசம்பரில் கேக்கும் காகித நட்சத்திரமும். பங்குத்தொகை கட்டிச் சேர்ந்தால் ஒரு அட்டை தருவார்கள். பில் போடும்போது அட்டையை நீட்ட வேண்டும். அரிசி, சீனி, பருப்பு, எண்ணெய்க்கு நூறு ரூபாய்க்கு 25 பைசா, மற்ற சாமான்களுக்கு நூறுக்கு ஒரு ரூபாய் என்று நாம் தேர்ந்தெடுத்த ஊர்க் குழுவின் பெயரில் ஏறும். அரிசியிலும் எண்ணெயிலும் கடைக்கு நிற்கும் லாபமே கொஞ்சம் என்பதால் அதற்குக் குறைவு. ஒவ்வொரு ஏப்ரலிலும் மூன்று குழுக்களின் பெயர் போட்ட மஞ்சள் தாள் தருவார்கள், ஒன்றில் டிக் அடித்துக் கொடுத்தால் அந்த வருஷம் முழுக்க அதுதான். மார்ச் முடிந்ததும் கூட்டிப் பார்த்துக் காசோலையாகக் கொடுப்பார்கள். அட்டை இல்லாமல் வாங்கினால் எந்தக் குழுவுக்கும் ஒன்றும் ஏறாது.

சரி, இது யார் பைசா? இதுதான் கேள்வி.

முன்பெல்லாம் வருஷக் கடைசியில், வாங்கிய அளவுக்கு ஏற்ப ஒரு சின்னத் தொகை உறுப்பினர்களுக்குத் திரும்ப வரும். கூட்டுறவுக் கடைகளின் ஆதி வழக்கமே அது. 1844-இல் இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில் 28 பேர் சேர்ந்து மாவு, வெண்ணெய், சீனி, ஓட்ஸ், மெழுகுவர்த்தி என்று நாலைந்து சாமான்களோடு ஒரு கடை போட்டார்கள். லாபத்தை முதல் போட்டவனுக்குப் பிரிப்பதை விட, வாங்கியவனுக்கு வாங்கிய அளவில் திருப்பிக் கொடுப்பதுதான் அவர்கள் கையாண்ட தந்திரம். 1904-இல் சென்னை திருவல்லிக்கேணியில் தொடங்கிய பண்டகசாலை நம் பக்கத்துக் கடைகளுக்கெல்லாம் மூத்த அக்கா. எங்கள் ஸ்டோர் ரொம்பக் கடைசித் தங்கச்சி.

2019 பேரவைக் கூட்டத்தில், அந்தத் திரும்ப வரும் தொகையில் பாதியை ஊர்க் குழுக்களுக்குக் கொடுக்கலாம் என்று தீர்மானம் வந்தது. பின் வரிசையில் இருந்து ஒரு பெரியவர் எழுந்து, "எனக்க பைசாவ எடுத்து ஊருக்கு குடுத்துட்டு, போட்டோவுல நீங்க நிப்பியளோ?" என்று கேட்டார். ஹால் முழுக்கச் சிரிப்பு. ஆனால் அவர் கேட்டது நூற்றுக்கு நூறு சரி. கடை தர்மம் செய்யவில்லை. நமக்கு வர வேண்டியதில் பாதியை நாம் விட்டுக்கொடுக்கிறோம், கடை அதைச் சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுக்கிறது, அவ்வளவுதான். பெரியவர் கேட்டதால்தான் அன்றைக்கே இரண்டு விதிகள் சேர்ந்தன. பணம் வாங்கும் குழு அடுத்த கூட்டத்தில் வந்து செலவுக் கணக்கு வாசிக்க வேண்டும். கோயில், சர்ச், கட்சி எதற்கும் இதில் இடம் கிடையாது. இரண்டாவது விதி ஏன் என்று நம் மாவட்டத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

முதல் மூன்று வருஷம் நான் டிக் அடித்தது படிப்பகத்துக்கு. டீச்சர் வேறு எதற்கு அடிப்பாள் என்று ஸ்டோரில் சிரித்தார்கள். பழைய திருவிதாங்கூர் வாசகசாலைகளின் வழியில் வந்த, ஓட்டுக் கூரை போட்ட, ரெண்டு பெஞ்சும் ஒரு மேசையும் உள்ள படிப்பகம் அது. 2020-இல் ஊரடங்கில் பூட்டிக் கிடந்தது. 2021 நவம்பரில் மாவட்டம் முழுக்கக் குளம் உடைந்து வெள்ளம் வந்ததே, அந்த மழையில் கீழ்த்தட்டில் இருந்த புத்தகமெல்லாம் ஊறிப் பொங்கி, பிடித்தால் கையோடு பிய்ந்து வந்தது. அடுத்த மார்ச் முடிந்து ஸ்டோர் காசு வந்ததும் ஒரு இரும்பு அலமாரி வாங்கினார்கள். நான் போய்ப் பார்த்தேன். புது பெயின்ட் வாசனையோடு நின்றது, பூட்டியிருந்தது. சாவி செயலாளரிடம், செயலாளர் நாகர்கோவிலில் மகள் வீட்டில். மூன்று வாரம் கழித்துத்தான் அலமாரி திறந்தது. ஆனாலும் கூட்டத்தில் படிப்பகத்துப் பையன் ஒருவன் எழுந்து அலமாரிக்கு இவ்வளவு, ஆட்டோ வாடகை இவ்வளவு, மீதி இவ்வளவு என்று வாசித்தான். சாவியைப் பற்றி நான் கேட்டதும் முகம் சிவந்து, "இப்ப ரெண்டு சாவி இருக்கு டீச்சர்" என்றான்.

ஓணம், கிறிஸ்துமஸ், பொங்கல் விளையாட்டு விழா என்று வீட்டு வாசலுக்கு ரசீதுப் புத்தகத்தோடு வருகிறவர்கள் நம் ஊரில் குறைவில்லை. நூறோ இருநூறோ கொடுத்தால் ரசீது கிழித்துத் தருவார்கள், அதோடு சரி. அந்தக் காசு என்ன ஆனது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை, கேட்டால் மரியாதையாகவும் இருக்காது. இந்தப் படிப்பகத்திடம் மட்டும் கேட்க முடிந்தது. வருஷத்துக்கு நானூறு சொச்சம் கொடுத்தவளுக்கு அந்த உரிமை இருந்தது. (ரசீதுப் புத்தகங்கள் இன்னும் வருகின்றன. 'நாங்க ஸ்டோர்ல கார்டு வச்சிருக்கோம்' என்று சொல்லிப் பார்த்தேன், 'அது வேற டீச்சர், இது வேற' என்கிறார்கள்.)

என் குழு மாறியது 2022-இல். மாமியாருக்குப் பக்கவாதம் வந்து படுக்கையில் விழுந்த வருஷம். ஆஸ்பத்திரியில் இருந்து கூட்டி வந்த நாலாம் நாள் முதுகுக்குக் கீழே தோல் சிவந்துவிட்டது. படுக்கைப் புண்ணின் தொடக்கம் அது. ஏர் பெட் வாங்கலாம் என்று விசாரித்துக்கொண்டிருந்தபோது, ஸ்டோரில் பில் போடுகிற பிள்ளை சொன்னாள்: "டீச்சருக்கு எதுக்கு புதுசு? நம்ம பாலியேட்டிவ் குழுவுல இருக்கு, நான் போன் பண்ணட்டுமா?" படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீட்டுக்கே வந்து கவனிக்கிற குழு அது. அன்று சாயங்காலமே அங்கிருந்து ஒரு அண்ணன் பைக்கின் பின்னால் கட்டிக்கொண்டு வந்தார். காற்று அடிக்கும் மோட்டாரைக் கட்டில் காலில் மாட்டி, குழாயைச் செருகி, ஒரு வரிசைக் குழி உப்பும்போது அடுத்த வரிசை அமுங்குவதைக் கையை வைத்துக் காட்டினார். "ரெண்டு மணிக்கூறுக்கு ஒருக்கா திருப்பிப் படுக்க வைக்கணும், பெட் இருக்குன்னு அத விட்டுறாதீங்க, கேட்டியளா" என்று இரண்டு முறை சொன்னார். மோட்டாரின் பக்கவாட்டில் ஸ்டோரின் பெயர் எழுதிய சின்ன ஸ்டிக்கர். அதைப் பார்த்த பிறகுதான் மஞ்சள் தாளில் மூன்றாவதாக அந்தக் குழுவின் பெயர் இருந்ததும், நான் அதைப் படிக்காமலே தாண்டிப் போனதும் நினைவுக்கு வந்தது.

பதினாலு மாதம் அந்த மெத்தை எங்கள் வீட்டில் இருந்தது. மாமியார் போன பிறகு துடைத்து, வெயில் காட்டாமல் நிழலில் உலர்த்தி, சுருட்டித் திருப்பிக் கொடுத்தோம். அடுத்த வாரமே அது வேறொரு வீட்டுக்குப் போய்விட்டது.

அப்புறம் குறைகள். நிறைய இருக்கின்றன.

ஆள்பலம் உள்ள குழுவுக்குத்தான் பணம் போகிறது. இளைஞர் விளையாட்டு மன்றத்தில் நாற்பது பையன்கள் இருந்தால் நாற்பது வீட்டு அட்டையும் அவர்களுக்கு. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வேலை செய்கிற ஆறு பேர் வீடு வீடாகப் போய் டிக் கேட்க மாட்டார்கள், அவர்களுக்கு நேரமும் இல்லை. ஒரு வருஷம் மன்றம் அந்தப் பணத்தில் கைப்பந்து அணிக்கு ஜெர்சி வாங்கியது. முதுகில் ஒரு நகைக்கடையின் பெயர் கொட்டை எழுத்தில்! பாதிப் பணம் அவர்களும் கொடுத்தார்களாம். கூட்டத்தில் இதை ஒரு பிடி பிடித்தார்கள், நானும் சேர்ந்துகொண்டேன். இப்போது மூன்று குழுக்களுக்கும் ஒரு அடிப்படைத் தொகையைச் சமமாகப் பிரித்துவிட்டு, மீதியை மட்டும் டிக் கணக்கில் பிரிக்கிறார்கள். கொஞ்சம் பரவாயில்லை.

என் சித்தி மகள் இங்கிலாந்தில் நர்ஸ். அங்கேயும் கோ-ஆப் என்ற பெரிய கூட்டுறவுக் கடையில் இதே மாதிரி ஏற்பாடு இருந்தது என்று அவள் சொல்லித்தான் தெரியும். 2016-இல் தொடங்கியபோது, கடையின் சொந்தப் பெயரில் வரும் பொருளை உறுப்பினர் வாங்கினால் 5 சதவீதம் அவருக்கும் 1 சதவீதம் உள்ளூர்க் குழுக்களுக்கும் என்று வைத்தார்களாம். 2020-இல் அதையே இருவருக்கும் இரண்டு இரண்டு என்று ஆக்கினார்கள். கேரி பேக்குக்கு வாங்குகிற காசும் அந்த நிதியில் சேர்ந்தது. இதைக் கேட்டு நான்தான் ஸ்டோரில் பை யோசனையைச் சொன்னேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்த பிறகு இங்கே துணிப்பைதான் விற்கிறார்கள், மகளிர் குழுவில் தைப்பது. இப்போது பை ஒன்றுக்கு இரண்டு ரூபாய் நிதிக்குப் போகிறது. ஆனால் பை கெட்டியாக இருப்பதால் ஒருதரம் வாங்கியவர்கள் மறுபடி வாங்குவதில்லை. நானே மூன்று வருஷமாக ஒரே பையைத்தான் கொண்டு போகிறேன்.

விலையைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன். அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள் ஸ்டோரில் நன்றாகவும் இருக்கும், விலையும் நியாயம். சோப்புத்தூள், ஷாம்பூ, பற்பசை தக்கலை சூப்பர் மார்க்கெட்டில் குறைவு. அங்கே 'ஒன்று வாங்கினால் ஒன்று' போடும் மாதத்தில் நான் அங்கேதான் வாங்குகிறேன். நூறுக்கு ஒரு ரூபாய் ஏறுவது இந்தச் சாமான்களுக்குத்தான் என்பது தெரியும். ஆனால் குழுவுக்கு ஒரு ரூபாய் போக நான் பதினைந்து ரூபாய் கூடக் கொடுப்பதில் அர்த்தமில்லை. அதற்கு அந்தப் பதினைந்தையும் நேரே அந்த அண்ணன் கையில் கொடுத்துவிடலாம். எப்படியும் ஸ்டோரில் வாங்குகிறவர்களுக்குத்தான் இந்த அட்டையால் பயன்.

2025-இல் தேங்காய் எண்ணெய் விலை ஏறிய ஏற்றத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. எங்கள் வீட்டில் கறிக்கும் தலைக்கும் அதுதான். லிட்டர் விலை கூடக் கூட, பில்லின் அடியில் வரும் பைசாவும் கூடியது. அளவு குறைத்து வாங்கியும் குழுவுக்கு முன்னைவிட அதிகம் போனது! ஸ்டோர் செயலாளரிடம் சொன்னேன். "எண்ணெய் விலை ஏறுனா பாலியேட்டிவ்காரங்களுக்கு நல்லதுன்னு வெளிய சொல்லீராதீங்க டீச்சர், அடிச்சுப் போடுவாங்க" என்றார்.

ஆறு வருஷத்தில் என் அட்டையில் இருந்து போனது மூவாயிரத்துக்குள்தான் இருக்கும். பெரிய தொகை இல்லை, ஒரு கல்யாண வீட்டில் வைக்கிற மொய் அளவு. நம் பெயரில் ரசீது கிடையாது, ஆகவே வருமான வரியில் காட்டவும் வழியில்லை. சேர நினைக்கிறவர்கள் ஆதார் நகலும் போட்டோவும் எடுத்துக்கொண்டு மார்ச் கடைசிக்குள் போய்விடுங்கள், ஏப்ரல் தாண்டினால் மஞ்சள் தாள் கிடைக்காது, வருஷம் முழுக்க உங்கள் பங்கு பொதுக் கணக்கில் போய்விடும். டிக் அடிக்கும் முன் மூன்று பெயரையும் படியுங்கள், என்னைப் போல முதல் வரியில் நிற்காதீர்கள். ஜூலையில் பேரவைக் கூட்டத்துக்கும் போங்கள். வடையும் காப்பியும் உண்டு.

ஒரே ஒரு பாக்கி. 2023-இல் கம்ப்யூட்டர் மாற்றினபோது மூன்று மாதக் கணக்கு ஏறவே இல்லை. எனக்கு மட்டுமில்லை, எல்லாருக்கும். கூட்டத்தில் இரண்டு வருஷம் கேட்டாயிற்று, 'பரிசீலனையில்' என்று குறிப்பேட்டிலும் எழுதியிருக்கிறார்கள். போன சனிக்கிழமை பில் வாங்கும்போது மறுபடி கேட்டேன். பிள்ளை திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அது பழைய சிஸ்டத்துல கிடக்கு டீச்சர். பழைய சிஸ்டம் மாடியில கிடக்கு."