வாசகசாலை வகுப்பு: வடை ஓகே, ஃபேன் மோசம், நர்ஸம்மாவுக்காக போலாம்

கொழிஞ்சாம்பாறை பக்கம் ஒரு வாசகசாலையில பொம்பளைங்களுக்கு உடம்பு பத்தி வகுப்புன்னு நோட்டீஸ் பாத்தேனுங்க, 50 ரூவா, கட்டஞ்சாயா பருப்புவடையோட, சத்து மாத்திரை பத்தி எதாச்சும் சொல்லுவாங்கன்னு நாத்தனாரையும் இழுத்துட்டு போனா தலைப்பே வேற. பொட்டப்புள்ளைங்களுக்கு கீழ, பொறப்புறுப்புல அறுத்து விடுற பழக்கம், சட்டம் போட்டப்புறம் அது என்னாச்சுன்னு. "இதெல்லாம் நமக்கெதுக்கு அண்ணி"ன்னா அவ. நானும் எந்திரிக்கத்தான் பாத்தேன், அதுக்குள்ள வடை வந்துருச்சு.

பேசுனது லண்டன்ல வேலை பாத்து ரிட்டையர் ஆன மலையாளி நர்ஸம்மா. பாதி தமிழ் பாதி மலையாளம், நம்ம சித்தூர் தாலுக்கா பேச்சு. லண்டன்ல 2015லருந்து 18 வயசுக்குள்ள புள்ளைக்கு அறுத்திருக்கறது தெரிஞ்சா நர்ஸே போலீசுக்கு சொல்லியாகணுமாம். சட்டம் போட்டா நின்னுருமான்னு ஒரு பாட்டி கேட்டுச்சு. "தமிழ்நாட்டுல 2003ல லாட்டரிய நிறுத்துனாங்கல்ல, கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி கேரளாவுக்கு வந்து யாரு வாங்குறா?"ன்னாங்க. பொள்ளாச்சிலருந்து வாராவாரம் வர்றதே நாத்தனார் புருஷன்தான், அவ வடையையே பாத்துட்டு உக்காந்திருந்தா. அப்படித்தான் ஆப்பிரிக்காவுல புர்க்கினா ஃபாசோங்கிற நாட்டுல 1996ல தடை வந்ததும் சட்டம் இல்லாத பக்கத்து நாடு மாலிக்கு புள்ளைய கூட்டிட்டு போயி அறுத்தாங்களாம். எகிப்துல 2008ல தடை, ஆனா டாக்டருங்களே க்ளினிக்ல பண்றாங்க, 2013ல ஒரு சின்னப்பொண்ணு செத்தப்புறம்தான் ஒரு டாக்டருக்கு தண்டனை. இது ஒரு மதத்துக்காரங்க பழக்கம்னு நினைச்சுறாதீங்க, அங்க முஸ்லிமும் பண்றாங்க கிறிஸ்தவங்களும் பண்றாங்கன்னு ரெண்டு தடவ சொன்னாங்க.

அதுக்குன்னு ஒண்ணும் மாறலன்னு இல்ல. கென்யாவுல அறுத்துக்கிட்ட பொம்பளைங்க 1998ல நூத்துக்கு 38 பேரு, 2022ல 15. எனக்கு புடிச்சது செனகல்ங்கிற இன்னொரு ஆப்பிரிக்க நாட்டு கதைங்க. அறுக்கலன்னா பொண்ண யாரு கட்டுவா, இதான் ஆத்தாமாரு பயமே. ஒரு ஊரு மட்டும் விட்டா அந்த ஊரு பொண்ணுக்கு மாப்ள கிடைக்காது. அதனால ஒரு இமாம், பொண்ணு குடுத்து பொண்ணு எடுக்குற சொந்தக்கார ஊருக்கெல்லாம் நடந்தே போயி பேசி, 1998ல 13 ஊரும் சேந்து விட்டாங்க. சட்டம் 1999லதான் வந்துச்சு. பந்தல் போடுறதுக்கு கூட பங்காளிங்கள கேக்குற நமக்கு இது புரியாதா என்ன.

நம்மூர்ல உண்டான்னு ஒருத்தி கேட்டா. போரான்னு ஒரு முஸ்லிம் சமூகத்துல உண்டு, கத்னான்னு சொல்லுவாங்க, அந்த சமூகத்து பொண்ணுங்களே வெளிய வந்து எதிர்த்து பேசுறாங்க. 2017ல கோழிக்கோட்டுல ஒரு க்ளினிக்ல நடக்குதுன்னு செய்தி வந்து, அப்போ சுகாதார மந்திரியா இருந்த ஷைலஜா டீச்சர் விசாரிக்க சொன்னாங்க. இத தடை பண்ண சொல்லி அதே வருஷம் சுப்ரீம் கோர்ட்டுக்கு போன கேஸ மறுவருஷம் பெரிய பெஞ்சுக்கு தள்ளிட்டாங்க.

குறைன்னா, ஃபேன் சத்தத்துல பாதி காதுல விழல, கேள்வி நேரம் சூடு புடிக்கறப்ப கேரம் ஆட பசங்க வந்துட்டாங்கன்னு கமிட்டிக்காரர் முடிக்க சொல்லிட்டாரு. பாத்ரூம் பத்தி பேச வேண்டாம். அஞ்சுக்கு நாலு. அடுத்த வகுப்புக்கு போறவங்க முன்வரிசையில எடம் புடிங்க, விசிறி ஒண்ணு கையோட கொண்டு போங்க.