சாத்துக்குடி ஒட்டுக்கன்று வாங்கப் போறவங்க இதைப் படிச்சிட்டு வாங்குங்க

38,400 ரூபாய் போச்சுங்க. ஆத்திரம் அடங்கல, அதான் இன்னிக்கே எழுதுறேன்.

நமக்குத் திருத்துறைப்பூண்டி பக்கம். 2018 கஜா புயல்ல தென்னை சாய்ஞ்ச திடல்ல சாத்துக்குடி வைக்கலாம்னு, போன்லயே ஆர்டர் எடுக்குற வெளியூர் நர்சரி ஒண்ணுல பேசினேன். களிமண்ணு, போர் தண்ணியில உப்பு இருக்குன்னு சொல்லி மண் பரிசோதனை அட்டையையும் போட்டோ எடுத்து அனுப்பினேன். அந்தாளு வீடியோ கால்ல வந்து பாத்தி பாத்தியா கன்னைக் காட்டினான். "அண்ணே, உங்க மண்ணுக்குன்னே ரங்பூர் லைம்ல கட்டினது. உப்பு தாங்கும். எங்கப்பா கையால ஒட்டுக் கட்டினது, தைரியமா வைங்க"ன்னான். ரங்பூர் லைம்ங்கிறது எலுமிச்சை மாதிரி ஒரு செடி. அதை வேர்ச்செடியா, அதாவது ஒட்டுக்குக் கீழ வேர் விடுற செடியா வச்சு, மேல சாத்துக்குடியைக் கட்டுவாங்க. அது உப்பு தாங்கும்ங்கிறது உண்மைதான். வேர்ச்செடி பேரு வரைக்கும் கேக்காமலே சொல்றானேன்னு நம்பினேன். கன்னு 320 ரூபாய், 120 கன்னு, முழுப்பணமும் முன்கூட்டியே.

புதுத் துளிர் வந்ததும் இலையெல்லாம் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. வளர்த்தியே இல்ல. ஒட்டுக்குக் கீழ வேர்ச்செடியிலிருந்தே போத்து (பக்கத் துளிர்) வெடிச்ச கன்னைக் குனிஞ்சு பார்த்தா, வில்வம் மாதிரி ஒரே காம்புல மூணு மூணு இலை, நீள முள்ளு. ரங்பூர் லைமுக்கு ஒத்தை இலைதான். இது மூவிலை ஆரஞ்சு. குளிர் பிரதேசத்துல அருமையான வேர்ச்செடி. மரம் குட்டையா நிக்கும், பழம் தரமா வரும், வேரழுகலையும் தாங்கும். ஆனா உப்பும் சுண்ணாம்பும் உள்ள மண்ணு அதுக்கு ஆகவே ஆகாது. இரும்புச் சத்தை இழுக்க முடியாம வெளிறிடும். மரம் பூரா அந்த வேரை நம்பித்தானே நிக்குது, அதை எப்படி மாத்துறது?

போன் பண்ணினா, "தண்ணி ஜாஸ்தியாச்சு அண்ணே." அப்புறம் "இரும்புச் சத்து அடிங்க." போத்து இலையைப் படம் எடுத்து அனுப்பினேன், பார்த்துட்டுப் பதில் இல்ல. மறுபடி கூப்பிட்டா வேற யாரோ ஒரு பொண்ணு, "சார் வெளியூர் போயிருக்காரு." இப்ப என் நம்பரையே தடுத்து வச்சிருக்கான். 38,400 ரூபாய்! அது குறுவை நெல்லு வித்த காசு.

எப்படி வாங்கணும்னு விவரமா எழுத நினைச்சேன், இப்ப முடியல. பில்லுல வேர்ச்செடி பேரை எழுதி வாங்குங்க. ஒட்டுக்குக் கீழ வர்ற இலையை நேர்ல போய்ப் பாருங்க. ஒட்டு மண்ணுக்கு மேல நல்லா உயர்ந்து இருக்கணும். கன்னு இறங்குறதுக்கு முன்னாடி முழுப்பணம் தராதீங்க. அந்தாளு இப்ப மன்னார்குடி பக்கம் எலுமிச்சை ஒட்டுக்கு முன்பணம் கேக்குறானாம், யாரும் அனுப்பிடாதீங்க.